சத்தம் வருகிறது, பாட்டு வருகிறதா?

(பாடல் குழுவினருக்கும் சபையாருக்கும் ஒரு பாடம்)



இந்த மாதம் பாடல் குழுவில் இருக்கிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும், அவர்களுக்காகக் காசு கொடுக்கிற பெரியவர்களுக்கும் சேர்த்து ஒரு பாடம் எழுதச் சொன்னார்கள். இது பிரசங்கம் அல்ல. கிட்டாருக்கு ஆம்ப்ளிஃபையர் வாங்குவது எப்படி என்கிற பாடம். "இதுக்கெல்லாம் ஒரு பாடமா?" என்று கேட்பீர்கள். ஆம், பாடந்தான். நான் காசு கொடுத்துப் படித்த பாடம். அதுவும் என் காசு அல்ல, சபையின் காசு!

சுமார் 25 வருஷத்துக்கு முன்னே எங்கள் சபையில் கிட்டாருக்கென்று தனி ஆம்ப் கிடையாது. மைக் செட்டில்தான் சொருகி வாசிப்பேன். வாலிபர் கூட்டத்தில் பேசி, ஒரு ஆம்ப் வாங்கத் தீர்மானம் பண்ணினோம். ஆறு மாதம் காணிக்கை சேர்த்தோம். உப்பளத்தில் கூலி வேலை செய்கிற ஒரு தாயார் வாரக்கூலியில் இருந்து முடிச்சை அவிழ்த்து நாணயமாக எண்ணிக் கொடுப்பார்கள். கையெல்லாம் உப்பு அரித்துப் புண்ணாக இருக்கும். அந்தக் காசும் அதில் உண்டு.

நான் வெளியூர்க் கடை ஒன்றுக்குப் போனேன். பெட்டியின் மேலே கொட்டை எழுத்தில் 300 வாட் என்று போட்டிருந்தது. கடைக்குள் மெதுவாக வைத்து வாசித்துப் பார்த்தேன். தேன் மாதிரி இருந்தது. வாங்கிவிட்டேன்.

அடுத்த வாரம் கடற்கரைப் பக்கம் ஒரு மைதானத்தில் கூட்டம். பக்கத்தில் டிரம்ஸ், அந்தப் பக்கம் கீபோர்டு, எதிரே கடல்காற்று. சத்தம் போதவில்லை என்று திருகைத் திருப்பிக்கொண்டே போனேன். பாதிக்கு மேலே போனதும் கிட்டார் சத்தம் கிழிய ஆரம்பித்தது. தகரத்தில் ஆணியை இழுக்கிற மாதிரி! பாடுகிறவர்களின் வார்த்தையும் அதற்குள்ளே அமுங்கிப்போனது. கூட்டம் முடிந்ததும் அந்தத் தாயார் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்: "ஏ மக்கா, சத்தந்தான் வருது, பாட்டு வரலியே."

கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகவும் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்கள். அன்று ராத்திரி பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் சின்ன எழுத்தில் 15 வாட் ஆர்.எம்.எஸ். என்று இருந்தது. 300 என்பது பி.எம்.பி.ஓ. கணக்கு.

பிரியமானவர்களே, அன்று நான் படித்ததையும், பிறகு படித்ததையும் ஒவ்வொன்றாகச் சொல்லுகிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

1. வாட் வேறு, சத்தம் வேறு

பி.எம்.பி.ஓ. என்பது ஒரு ஒழுங்கான அளவே அல்ல. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொண்ட கணக்கு. 1990-களில் டேப் ரெக்கார்டர் பெட்டிகளில் ஆயிரக்கணக்கான வாட் என்று ஒட்டியிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஆம்ப் வாங்கும்போது ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். வேறு எதையும் நம்பாதீர்கள்.

அந்த வாட்டும் நம் காதும் ஒரே கணக்கில் ஏறுவதில்லை. வாட்டை 2 மடங்கு ஆக்கினால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு "கொஞ்சம் கூடிச்சு" என்கிற அளவுதான். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க வேண்டும் என்றால் சுமார் 10 மடங்கு வாட் வேண்டும். 50 வாட்டை விட்டுவிட்டு 100 வாட்டுக்கு இரண்டு மடங்கு காசு கொடுக்கிறவர், இரண்டு மடங்கு சத்தம் வாங்கவில்லை. அப்படியானால் அந்தக் கூடுதல் வாட் எதற்கு? அதைத்தான் அடுத்து சொல்லப்போகிறேன்.

2. தெளிவு எங்கேயிருந்து வருகிறது?

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களைப் பாருங்கள். 100 கிலோ தூக்கக்கூடிய பலசாலியின் முதுகில் 50 கிலோ மூட்டையை வைத்தால், அவர் பேசிக்கொண்டே நடப்பார். 50 கிலோதான் தூக்க முடியும் என்கிறவரின் முதுகில் அதே மூட்டையை வைத்தால் பேச்சு வராது, முனகல்தான் வரும். மூட்டை ஒன்றுதான். மிச்ச பலம் இருக்கிறவருக்குப் பேச்சு தெளிவாக வருகிறது.

ஆம்ப்பும் அப்படியே. கிட்டாரை ஓங்கி அடிக்கிற அந்த ஒரு கணத்தில், சராசரி சத்தத்தைப் போல் 10 மடங்கு பலம் தேவைப்படும். சராசரியாக 5 வாட் செலவாகிற இடத்தில், அந்த அடிக்கு 50 வாட் வேண்டும். ஆம்ப்பிடம் 15 வாட்தான் இருந்தால் என்ன செய்யும்? அலையின் தலையை வெட்டிவிடும். அந்த வெட்டுத்தான் நமக்குக் கிழிசலாகக் கேட்கிறது. இந்த மிச்ச பலத்தைத்தான் ஹெட்ரூம் என்று சொல்லுகிறார்கள்.

ஆகவே சத்தமான ஆம்ப், தெளிவான ஆம்ப் என்று இரண்டு இல்லை. நமக்கு வேண்டிய சத்தத்தில் பலம் மிச்சம் வைத்திருக்கிற ஆம்ப்தான் தெளிவான ஆம்ப். கடையில் மெதுவாக வைத்தால் எல்லா ஆம்ப்பும் தெளிவாகத்தான் கேட்கும்! நான் ஏமாந்தது அங்கேதான்.

நம் ஊர் முத்து வியாபாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் (நம் பக்கம் கடைசியாக 1961-ல் நடந்தது) முத்துக்களை 10 பித்தளைச் சல்லடைகளில் சலித்து அளவு பிரிப்பார்கள். ஆனால் விலை அதோடு முடியாது. பிறகு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து உருட்சியும் ஒளியும் பார்ப்பார்கள். பெரிதாக இருந்தாலும் மங்கல் முத்து மங்கல் முத்துதான். வாட் என்பது சல்லடை. அது அளவைத்தான் சொல்லும். ஒளியைப் பார்க்கக் காது வேண்டும்.

3. ஸ்பீக்கரை மறவாதீர்கள்

ஒரே ஆம்ப்பில் ஸ்பீக்கரை மாற்றினால் சத்தம் மாறும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் ஒரு ஸ்பீக்கர் 97 டெசிபல் தரும். இன்னொன்று 100 டெசிபல் தரும். அந்த 3 டெசிபல் வித்தியாசம், ஆம்ப்பின் வாட்டை 2 மடங்கு ஆக்கியதற்குச் சமம். மேடைக்கு 12 இன்ச் ஸ்பீக்கர் நல்லது. 6 இன்ச், 8 இன்ச் எல்லாம் வீட்டில் பழகுவதற்கு.

இன்னொரு காரியம். கிட்டார் ஸ்பீக்கரில் இருந்து கூர்மையான சத்தம் டார்ச் லைட் மாதிரி நேராகத்தான் போகும். ஆம்ப்பைத் தரையில் வைத்துவிட்டு நாம் பக்கத்தில் நின்றால் அது நம் முழங்காலுக்குத்தான் வாசிக்கும். நமக்கு மந்தமாகக் கேட்கிறதென்று டிரெபிளைக் கூட்டுவோம். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கோ காதைக் குத்தும். ஒரு நாற்காலியில் தூக்கி வைத்து, கொஞ்சம் சாய்த்து, நம் காதுக்கு நேராகத் திருப்புங்கள். செலவில்லாத வைத்தியம்!

4. எந்த வகை நமக்கு?

தெளிவுக்கும் சத்தத்துக்கும் உலகமெங்கும் பேர் பெற்ற ஆம்ப் இரண்டு. ஒன்று, 1963-ல் வந்த ஃபெண்டர் ட்வின் ரிவர்ப். வால்வு ஆம்ப், 85 வாட், இரண்டு 12 இன்ச் ஸ்பீக்கர். மற்றது, 1975-ல் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி கொண்டுவந்த ஜே.சி.-120. இது டிரான்சிஸ்டர் ஆம்ப். 60 வாட் ஆம்ப் இரண்டு உள்ளே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு 12 இன்ச் ஸ்பீக்கர். இரண்டுமே ஏறக்குறைய 28, 29 கிலோ. தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்!

வால்வு ஆம்ப்பின் சத்தம் மெதுவாகக் கரகரக்க ஆரம்பிக்கும். அது சில பாட்டுக்கு அழகாகவும் இருக்கும். டிரான்சிஸ்டர் ஆம்ப் எல்லை வரைக்கும் தெளிவாக இருந்து, எல்லையைத் தாண்டினதும் சட்டென்று கிழியும். நம் ஊர் வெக்கைக்கும், ஆட்டோவில் ஏற்றி இறக்குகிறதற்கும் டிரான்சிஸ்டர்தான் லேசு. உடையவும் மாற்றவும் வால்வு இல்லை. 2019-ல் ஃபெண்டர் கம்பெனியே ட்வின் ரிவர்பின் சத்தத்தை டிஜிட்டலாகச் செய்து ஏறக்குறைய 15 கிலோவில் ஒரு பெட்டி கொண்டுவந்தது.

நம்மைப் போன்ற சபைக்கு இவ்வளவு பெரியது தேவையா? டிரம்ஸ் வாசிக்கிற சபை என்றால், 12 இன்ச் ஸ்பீக்கரோடு 50 முதல் 80 வாட் ஆர்.எம்.எஸ். உள்ள டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்று போதும். டிரம்ஸ் இல்லாத ஜெபக்கூட்டத்துக்கு 20, 30 வாட்டே தாராளம்.

வாங்கினால் மட்டும் போதாது; திருகு வைக்கவும் தெரியவேண்டும். கெயின், மாஸ்டர் என்று இரண்டு திருகு இருந்தால், தெளிவுக்குக் கெயினைக் குறைத்து மாஸ்டரைக் கூட்டுங்கள். பல வாலிபர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பேஸையும் குறையுங்கள், அந்த இடம் பேஸ் கிட்டாருக்கும் கீபோர்டின் இடது கைக்கும் உரியது. கிட்டார் கேட்கவில்லையென்றால் முதலில் மிடிலைக் கூட்டிப் பாருங்கள்.

பிக்கப் வைத்த மரக்கிட்டார் வாசிக்கிறவர்களுக்கு இந்த ஆம்ப் தேவையே இல்லை. ஒரு டி.ஐ. பாக்ஸ் வாங்கி நேராக மிக்சரில் கொடுங்கள். எலக்ட்ரிக் கிட்டாரை அப்படியே மைக் ஓட்டையில் சொருகினால் சத்தம் மங்கிப்போவது ஏன் தெரியுமா? கிட்டார் பிக்கப்புக்குச் சுமார் 10 லட்சம் ஓம் தடையுள்ள வாசல் வேண்டும். மைக் வாசலில் அது சில ஆயிரம் ஓம்தான். என் பழைய மைக் செட் கிட்டார் மந்தமாய்க் கேட்டதற்கு அதுதான் காரணம்.

5. மைதானத்துக்கு ஆம்ப் அல்ல, மைக் செட்

திறந்தவெளியில் தூரம் 2 மடங்கு ஆகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 104 டெசிபல் கேட்கிற கிட்டார், 8 மீட்டரில் 86, 32 மீட்டரில் 74. கடைசி வரிசைக்காகக் கூட்டினால் முதல் வரிசைக்காரர் காதைப் பொத்துவார்.

பெரிய ஆம்ப் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சம்பவம். 1965 ஆகஸ்ட் 15-ல் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் என்கிற இங்கிலாந்துக் குழு 55,000-க்கும் மேற்பட்டவர்கள் முன் வாசித்தது. வாக்ஸ் கம்பெனி அவர்களுக்கென்றே 100 வாட் ஆம்ப் செய்து கொடுத்திருந்தது. அந்நாளில் அது மிகப் பெரிது. ஆனாலும் ஜனங்களின் கூச்சலில் வாசித்தவர்களுக்கே தங்கள் சத்தம் கேட்கவில்லை. ஆம்ப்பில் இருந்து மைக் செட்டுக்குக் கொடுக்கிற வழக்கமும், மேடைக்கு மானிட்டர் ஸ்பீக்கர் வைக்கிற வழக்கமும் அதற்குப் பிறகுதான் பெருகியது.

நாம் செய்யவேண்டியது இதுதான். ஆம்ப் மேடைக்கு. மைதானத்துக்கு மைக் செட். ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு மைக் வையுங்கள் (ஷூர் எஸ்.எம். 57 இந்த வேலைக்குப் பேர் பெற்றது), அல்லது ஆம்ப்பின் பின்னால் லைன் அவுட் இருந்தால் அதை மிக்சருக்குக் கொடுங்கள். அப்போது மைதானம் எவ்வளவு பெரியதானாலும் அதே ஆம்ப் போதும்.

6. எவ்வளவு சத்தம் போதும்?

இதை வாலிபர் மாத்திரம் அல்ல, மூப்பர்களும் கவனிக்க வேண்டும். சென்னை மாதவரம் நெடுஞ்சாலையில் கே.கே.ஆர். நகரில் நம்மைப் போன்ற ஒரு பெந்தெகொஸ்தே சபை. டிரம்ஸ், கிட்டார் எல்லாம் உண்டு. சத்தம் தாங்கவில்லை என்று குடியிருப்போர் சங்கம் முறையிட்டது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது சாலையில் போகிற வண்டிச் சத்தம்தான் காரணம் என்றும் அறிக்கை இருந்தது. ஆனாலும் சத்தத்தைக் குறைக்கும்படி உயர்நீதிமன்றம் சொல்ல, சபை உச்சநீதிமன்றம் வரை போனது. 2000 ஆகஸ்ட் 30-ல் உச்சநீதிமன்றம் சபையின் மனுவைத் தள்ளிவிட்டது. மற்றவர்களின் அமைதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வைத்தும் மேளம் அடித்தும் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மார்க்கமும் சொல்லவில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

அதே 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் அளவு. ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, மூடிய அரங்குக்குள் தவிர, வைக்கக்கூடாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு இவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம்.

இதை வெறும் சட்டமாகப் பார்க்காதீர்கள். அடுத்த வீட்டில் விடியற்காலை கடலுக்குப் போகிறவர் தூங்கிக்கொண்டிருப்பார். நம் சத்தம் கடைசி வரிசைக்குப் போனால் போதும். கடைசித் தெருவுக்குப் போகவேண்டாம். தெளிவான ஆம்ப்பின் பெரிய நன்மையே இதுதான். கிழிகிற சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் வார்த்தை புரியாது; இன்னும் கூட்டுவோம். தெளிவான சத்தம் குறைவாக இருந்தாலே கேட்கும்.

7. கரண்டும் உப்புக்காற்றும்

நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் கப்பலில் இருக்கிறார் என்று சொல்லலாம். அவர்கள் அன்பாக வெளிநாட்டு ஆம்ப் கொண்டுவருவது உண்டு. கவனியுங்கள்! ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட், இங்கே 230 வோல்ட். பக்கத்துச் சபைத் தம்பி ஒருவர் ஜப்பானில் இருந்து வந்த பெட்டியை ஆசையாக நேரே சொருகினார். பாட்டு வரவில்லை, புகை வந்தது. பின்னால் எத்தனை வோல்ட் என்று பார்த்து, தேவையான டிரான்ஸ்பார்மர் வைத்தே போடுங்கள்.

மூன்றாவது முள்ளை ஒருபோதும் வெட்டாதீர்கள். 1972 மே 3-ல் இங்கிலாந்தை அடுத்த வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி நகரில் லெஸ் ஹார்வி என்கிற கிட்டார் கலைஞர், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டபோது ஷாக் அடித்து மேடையிலேயே மரித்தார். கையில் கிட்டார் கம்பி, உதட்டில் மைக். இரண்டுக்கும் நடுவே நம் நெஞ்சு இருக்கிறது. ஜெனரேட்டர் வைத்து ஈரமணலில் நடக்கிற நம் கூட்டங்களில் இது சாதாரண ஆபத்தல்ல. ஆம்ப், மிக்சர் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் இருந்து எர்த்தோடு கரண்ட் எடுங்கள். 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று கட்டாயம் வையுங்கள். பாட ஆரம்பிக்குமுன் எலக்ட்ரீஷியன் சோதிக்கட்டும்.

உப்புக்காற்று நம் சொத்தையெல்லாம் மெதுவாய்த் தின்கிறது, ஆம்ப்பையும் விடாது. கூட்டம் முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து மூடி வையுங்கள். மணலில் வைக்காதீர்கள், பலகை போடுங்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது போட்டு அரைமணி நேரம் ஓடவிடுங்கள். திருகு கரகரத்தால் ஆம்ப் கெட்டுப்போனது என்று அர்த்தமல்ல. கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்தால் பெரும்பாலும் சரியாகும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் தரையோடு வைக்காதீர்கள்.

8. கடையில் செய்யவேண்டியவை

• உங்கள் சொந்தக் கிட்டாரையும் வயரையும் கொண்டுபோங்கள்.
• ஆர்.எம்.எஸ். வாட், ஸ்பீக்கர் அளவு, வோல்ட் மூன்றையும் பெட்டியின் பின்னால் உங்கள் கண்ணால் பாருங்கள்.
• கெயினைக் குறைத்து, ஆறு கம்பியும் சேர்த்து ஓங்கி அடியுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் கூட்டத்தில் வைக்கிற சத்தத்திலேயே சோதியுங்கள்.
• வேறொருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு 30 அடி தள்ளிப்போய் நின்று கேளுங்கள்.
• ஒவ்வொரு கம்பியும் தனித்தனியே காதில் விழுகிறதா? விழுந்தால் வாங்குங்கள். கூழாகக் கேட்டால் எத்தனை வாட் எழுதியிருந்தாலும் திரும்பி வாருங்கள்.

நான் அந்த 300 வாட் பெட்டியை வீட்டில் பழக வைத்துக்கொண்டேன். அதன் காசைக் கொஞ்சங்கொஞ்சமாய்ச் சபைக்குத் திருப்பிக் கட்டினேன். மூன்று வருஷம் கழித்து, ஒருவர் உபயோகித்த 65 வாட் ஆம்ப் ஒன்றை, 12 இன்ச் ஸ்பீக்கரோடு, மேலே சொன்னபடி சோதித்து வாங்கினோம். மேலே பெரிய எழுத்து ஒன்றும் கிடையாது. அதே கடற்கரை மைதானத்தில் அதை நாற்காலியில் ஏற்றி, முன்னால் ஒரு மைக் வைத்து, பாதிக்கும் குறைவாகத்தான் திருப்பினேன்.

அந்தத் தாயார் கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். முடிந்ததும் என்ன சொல்வார்களோ என்று பார்த்துக்கொண்டே வாசித்தேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. பாடிக்கொண்டிருந்தார்கள்.

1 கொரிந்தியர் 14-ஆம் அதிகாரம் 7, 8 வசனங்களை வீட்டில் எடுத்து வாசியுங்கள். புல்லாங்குழல், சுரமண்டலம், எக்காளம் மூன்றையும் காட்டி, தெளிவில்லாத சத்தத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று பவுல் கேட்கிறார். அவர் ஆம்ப்ளிஃபையரைப் பார்த்ததில்லை. கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

வாலிபர் கூட்டத்தில் கலந்து பேச:
அ) நம் ஆலயத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கிட்டாரைக் கேட்டதுண்டா?
ஆ) நம் ஆம்ப்பின் பின்னால் என்ன எழுதியிருக்கிறது?
இ) அடுத்த வீட்டுக்காரரிடம் போய், சத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்டதுண்டா?